லாஸ்பேட்டையிலிருந்து கடலூர் வீட்டுக் கணினி: மூன்று வழிகளில் எது தேறும்?

கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் பெரிய கணினி. புதுச்சேரி லாஸ்பேட்டை வாடகை அறையில் வரைபட மென்பொருளைத் திறந்தாலே மூச்சு வாங்கும் மடிக்கணினி. இடையில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஆய்வேட்டில் ஒரு கோட்டைத் திருத்துவதற்காக ஒவ்வொரு முறையும் கடலூர் பஸ் ஏற முடியாது. அதனால் அந்தக் கணினியை இங்கிருந்தபடியே இயக்கி வருகிறேன்.

மூன்று வழிகளையும் பார்த்தாகிவிட்டது. முதலாவது, ரவுட்டரில் போர்ட் (வெளி அழைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்து விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக அடைவது. அடுத்தது, குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க் போன்ற இடைத்தரகுச் செயலிகள். மூன்றாவது, டெய்ல்ஸ்கேல் என்ற தனி வலையமைப்புக்குள் நுழைந்து அதே விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துவது. இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். என் அளவுகோல் வேறு: இணைப்பு கிடைக்காதபோது கோளாறு எங்கே என்று எது எனக்குச் சொல்கிறது? கணினிக்குப் பக்கத்தில் இருப்பவர் அப்பா மட்டுமே. பவர் பொத்தானைத் தவிர எதையும் தொடமாட்டார்.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் அருமை உள்ளே போனபின்தான் தெரியும். எழுத்தும் கோடும் கூர்மையாக இருக்கின்றன. நான் நுழைந்ததும் வீட்டுத் திரை பூட்டிக்கொள்கிறது. இடைத்தரகுச் செயலிகளில் பொதுவாக அப்படி இல்லை. இங்கே நான் செய்வதெல்லாம் அங்கே திரையில் ஓடும். அறையைப் பெருக்க வந்த அம்மா, யாரும் தொடாமலே சுட்டி நகர்வதைப் பார்த்துவிட்டு, "டேய், கணினிக்கு என்னமோ ஆகிவிட்டது" என்று பதறிப் போன் செய்தார்.

ஆனால் உள்ளே போவதற்குள் எத்தனை தடை! விண்டோஸ் ஹோம் பதிப்பு வெளி இணைப்பை ஏற்காது, புரோ வேண்டும். வீட்டில் நாம் தட்டி நுழையும் பின் எண் இங்கே செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லைக் கேட்கும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கு என்றால் அதுவும் ஆகாது. இவையெல்லாம் ஒருமுறை சரிசெய்தால் முடிந்துவிடும். என்னைப் படுத்தியது வேறொன்று. ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து இரண்டு மாலைகளைத் தொலைத்தேன். இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தால், "உங்கள் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது சார்" என்ற பதில். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி இணைய முகவரியை (ஐபி) பார்த்தபோதுதான் புரிந்தது. அது 100.64 முதல் 100.127 வரையுள்ள வரிசையில் இருந்தது. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைப்பதற்காக ஒதுக்கப்பட்ட வரிசை அது. தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் எந்த வீட்டைத் தட்டுவார்? என் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும், வெளியிலிருந்து வரும் அழைப்பு அதுவரை வந்து சேரவே சேராது.

கூடுதல் கட்டணம் கொடுத்து நிலையான முகவரி வாங்கலாம். நான் வாங்கவில்லை. பொது இணையத்தில் 3389 திறந்திருந்தால் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்கும். 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டையோ, பழைய விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல் இல்லாமலே நுழைய வழிவிட்டது. போர்ட் எண்ணை மாற்றி வைப்பது வாசலை மூடாமல் கோலத்தை மட்டும் அழிப்பது போன்றது, தேடுகிறவன் கண்டுபிடித்துவிடுவான். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை: நேர்வழி வேண்டாம்.

இடைத்தரகுச் செயலிகளில் இந்த முகவரிச் சிக்கல் எழாது. இரு கணினிகளும் வெளியே போய் நடுவிலுள்ள சர்வரில் சந்தித்துக்கொள்கின்றன. ஹோம் பதிப்பே போதும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப்புக்குக் கூகுள் கணக்கும் குறைந்தது ஆறு இலக்கப் பின் எண்ணும் இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எனிடெஸ்க்கில் தனிப்பட்ட பயன்பாடு மட்டுமே இலவசம். கடைக் கணக்கு எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய செயலியை முறையாக நிறுவாமல், இறக்கிய கோப்பையே ஓட்டினால், நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி எழும்போது நம் கை கட்டப்பட்டுவிடும். அங்கே யாராவது 'ஆம்' என்பதை அழுத்த வேண்டும்.

எனிடெஸ்க்கை நான் நீக்கியதற்குக் காரணம் வேறு. மோசடிக்காரர்கள் அதன் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி வங்கிக் கணக்கைச் சுரண்டுவது பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2024 பிப்ரவரியில் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக நிறுவனமே அறிவித்தது. செயலி கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. போனில் யார் மரியாதையாகக் கேட்டாலும் எண்ணை வாசித்துக் காட்டிவிடும் அப்பா இருக்கும் வீட்டில் அது வேண்டாம், அவ்வளவுதான்.

கடைசியில் டெய்ல்ஸ்கேல்தான் என் முதல் வழியாக நிலைத்தது. வீட்டுக் கணினிக்கு மாறாத ஒரு முகவரி கிடைக்கிறது. வெளியுலகுக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை. முக்கியமாக, அதன் கருவிப் பட்டியலைப் பார்த்தால் வீட்டுக் கணினி இணைந்திருக்கிறதா, இல்லையென்றால் கடைசியாக எப்போது தென்பட்டது என்று தெரிகிறது. இணைந்திருந்தும் உள்ளே போக முடியவில்லையா? கோளாறு விண்டோஸிலோ கடவுச்சொல்லிலோ இருக்கிறது. பட்டியலிலிருந்து 2.40 மணிக்கு மறைந்துவிட்டதா? மின்சாரமோ இணையமோ போயிருக்கிறது, அல்லது கணினி உறங்கிவிட்டது. விண்டோஸோ, இணைப்பு கிடைக்காதபோதெல்லாம் அதே மூன்று காரணங்களை அச்சடித்துக் காட்டும்.

இதிலும் இரண்டு குழிகள் உண்டு. விண்டோஸில் யாரும் உள்நுழையாதபோதும் அது இயங்க, கவனிப்பாரின்றி ஓடும் அமைப்பை இயக்கி வைக்க வேண்டும். இன்னொன்று, கருவியை அந்த வலையமைப்பில் அனுமதிக்கும் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். வீட்டுக் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்திவைக்க நான் மறந்துவிட்டேன். மறதிக்கு அபராதம் ஒரு கடலூர் டிக்கெட். அன்று முதல் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பையும் மாற்றுச் சாவியாக வைத்திருக்கிறேன். ஒன்று பூட்டிக்கொண்டால் மற்றதன் வழியே போய்த் திறக்கலாம். தமிழில் தட்டச்சு செய்வோருக்கு ஒரு சொல்: இரண்டு பக்கமும் தமிழ் விசைப்பலகையை இயக்கினால் எழுத்துகள் குழம்பக்கூடும். நான் இங்கே அணைத்துவிட்டு அங்கே மட்டும் இயக்குகிறேன்.

எந்த வழியாக இருந்தாலும் கணினி விழித்திருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய இரவில் எதுவும் எடுபடவில்லை. சாதாரண மின்வெட்டுக்கு மருந்து உண்டு. உறக்க நேரத்தை 'ஒருபோதும் இல்லை' என்று வைத்தேன். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்) மாற்றினேன். மோடத்தையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்புக்குக் கொண்டுவந்தேன்.

போன வாரம் பட்டியலில் வீட்டுக் கணினி மறைந்தது. அப்பாவை அழைத்தேன்.

"கரண்டு இருக்கிறதா அப்பா?"

"இருக்கிறது."

"மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா?"

"எரிகிறது. கேபிள்காரருக்கு அப்போதே சொல்லிவிட்டேன். எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறதாம். நீ சாப்பிட்டாயா?"