கொடிமலை: அடுத்த ரயிலிலேயே இறங்கிவிடாதீர்கள்

மலேசியாவின் பினாங்குக் கொடிமலை ரயில் அருமையான சேவை. ஆனால் மேலே போய்ப் படம் எடுத்துவிட்டு உடனே இறங்கினால் மலையைப் பார்த்ததாகாது. 2021ல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது காட்டுக்காக. அந்தக் காடு நிலையத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது.

1923ல் ரயில் ஓடத் தொடங்கியபோது பாதி வழியில் வண்டி மாற வேண்டும். 2011ல் புதுப்பித்த பின் ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறிவிடுகிறது. இழுக்கும் கம்பி வடத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு வண்டி. ஒன்று ஏற, மற்றது இறங்கும். நடுவழியில் தண்டவாளம் பிரியும் இடத்தில் எதிர்வண்டி உரசுவதுபோல் கடந்துபோகும். ஏறும்போது வண்டியின் கீழ்க்கோடியில், கண்ணாடியை ஒட்டி நில்லுங்கள். ஜார்ஜ்டவுன் நகரம் காலடியில் விரியும். மேல்கோடிக்கு முண்டியடிப்பவர்களுக்குத் தண்டவாளமும் குகைப்பாதையும்தான். இறங்கும்போதும் கீழ்க்கோடியே நல்லது.

குறை, வரிசை. காலையிலிருந்து சிறுகச் சிறுக ஏறிய கூட்டம் பொழுது சாய்ந்ததும் ஒன்றாக இறங்குவதால், மாலையில்தான் காத்திருப்பு அதிகம். வார நாளில் காலை 8 மணிக்குள் போய், மதியத்துக்குள் இறங்குங்கள்; மேகமும் பெரும்பாலும் பிற்பகலில்தான் மூடும். உள்ளூர்க் கட்டணத்துக்கு ஐசி (மலேசிய அடையாள அட்டை) அவசியம். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் நாட்கள் உண்டு, முன்கூட்டியே பாருங்கள். ஜார்ஜ்டவுனின் கொம்தார் கட்டடத்திலிருந்து 204 பேருந்து அடிவாரம் வரை வரும்.

மேலே அருளொளித் திருமுருகன் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, தி ஹாபிடாட் என்ற இயற்கைப் பூங்கா பக்கம் நடங்கள். தனிக் கட்டணம், கொஞ்சம் அதிகம்தான், தாராளமாகக் கொடுக்கலாம். 1.6 கிலோமீட்டர் காட்டுப்பாதை, மர உச்சிகளுக்கு நடுவே 230 மீட்டர் நீளத் தொங்குநடை. அங்கே ஓடாமல், பேசாமல் பத்து நிமிடம் நின்றால் இலைக்குரங்குகள் வரும் வாய்ப்பு அதிகம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், சாம்பல் உடம்பு. தாயின் வயிற்றைப் பிடித்திருக்கும், புதிதாகப் பிறந்த குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். தீனி போடவே கூடாது.

இறங்க ஜீப் பாதையையும் எடுக்கலாம். தாவரவியல் பூங்கா வரை சுமார் 5 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை, செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் ரயிலிலேயே இறங்குங்கள். மழைக்குப் பின் பாசி வழுக்கும். பிடிப்புள்ள காலணி வேண்டும், விரல் நகம் முன்னால் இடிக்காதபடி கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். பூங்காவை நெருங்கும்போது கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். அங்குள்ள நீண்ட வால் குரங்குகளுக்குப் பை என்றாலே தீனிதான்; பிடுங்கிக்கொண்டு போய்விடும்.