காமா நைஃப்: முகத்தில் ஷாக் அடிக்கும் வலிக்கு ஒரு நாள் சிகிச்சை, பல வாரக் காத்திருப்பு

வடசேரி பஸ் ஸ்டாண்டில் கன்னத்தில் தோர்த்தை ஒத்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றால் பல்வலி என்றுதான் நினைப்போம். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், இரண்டு பல்லைப் பிடுங்கியும் இருப்பார். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் காற்று கன்னத்தில் லேசாகப் பட்டாலே கரண்ட் அடித்த மாதிரி வெட்டி இழுக்கிறது, சில நொடியில் நின்றுவிடுகிறது, பல் தேய்க்கும்போதும் சவரம் செய்யும்போதும் முதல் வாய்ச் சோற்றிலும் திரும்ப வருகிறது என்றால் அது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் ஐந்தாவது மூளை நரம்பின் வலி. வாய் கோணிப்போகும் முகவாதம் ஏழாவது நரம்பின் கோளாறு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய.

இந்த வலிக்குக் கதிர்வீச்சைக் குவித்துக் கொடுக்கும் காமா நைஃப் சிகிச்சையைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. கருவிக்கும் சிகிச்சை நாளுக்கும் ஐந்துக்கு நாலரை தரலாம். அதற்குப் பிறகு நோயாளிக்குச் சொல்லி அனுப்புகிற விதத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

கருவி செய்யும் வேலை இதுதான். பெரும்பாலானவர்களுக்கு, மூளைத்தண்டிலிருந்து நரம்பு புறப்படும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன் மேல் உரசிக்கொண்டே இருக்கும். வயர் மேல் உள்ள ரப்பர் தேய்வதுபோல் நரம்பின் உறை தேய்ந்து, தொடுகிற உணர்வு வலியாகத் தாவிவிடுகிறது. புதிய காமா நைஃப் கருவிகளில் கதிர்வீச்சை வெளியிடும் 192 கோபால்ட்-60 மூலங்கள் உண்டு, பழையவற்றில் 201. ஒவ்வொரு கதிரும் தனியாக வலுவற்றது. எல்லாம் ஒரே புள்ளியில் சேரும்போதுதான் வேலை நடக்கும். இந்த வலிக்கு இருப்பதிலேயே சின்னதான 4 மில்லிமீட்டர் துளையைத்தான் பயன்படுத்துவார்கள், ஏறக்குறைய ஒரு சிறுபயறு மணி அளவு. அந்தப் பயறு மணிக்குள் 70 முதல் 90 கிரே (கதிர்வீச்சு டோஸை அளக்கும் அலகு) வரை ஒரே தடவையில் போகும். புற்றுநோய்க்கு வழக்கமாக ஒரு நாளைக்குக் கொடுப்பது 2 கிரே அளவுதான் என்பதை நினைத்தால், இங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் என்ன ஆகும் என்று புரியும். பக்கத்திலேயே மூளைத்தண்டு. அதனால் டோஸ் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், மூளைத்தண்டின் ஓரத்தில் எவ்வளவு விழும் என்றும் கேளுங்கள். திட்டம் போட்டவர் எண்ணைச் சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னொன்றைப் பலர் கேட்பதில்லை: கோபால்ட் எப்போது மாற்றியது? கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டில் பாதி வலுவை இழக்கும். புது மூலத்தில் அரை மணிக்கூர் அளவில் முடிகிற அதே டோஸுக்கு, ஐந்தேகால் ஆண்டு கழித்து இரண்டு மடங்கு நேரம் படுக்க வேண்டும். டோஸ் குறையாது, நேரம்தான் நீளும். ஆனாலும் முதுகு வலியும் மூத்திர அவசரமும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அந்த வித்தியாசம் சின்னது கிடையாது.

சிகிச்சைக்கு முதல் நாள் இரவு தலைக்கு ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் குளிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் ஒரு நாள் இருப்பது நம்மூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். மொட்டை அடிக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு மூக்குத்திதான் தொல்லை. எம்ஆர்ஐ அறைக்குள் அது போகக்கூடாது. வருஷக்கணக்கில் கழற்றாத திருகாணி இறுகியிருக்கும். வலிக்கிற பக்கமே மூக்குத்தியும் இருந்தால், ஸ்கேன் அறை வாசலில் யாரோ அதைப் பிடித்துத் திருகும்போது வலி வெட்டிக்கொண்டே இருக்கும். ஊரிலேயே, மாத்திரை போட்டு வலி அடங்கியிருக்கும் நேரம் பார்த்து, தட்டாரிடம் கழற்றிக்கொண்டு போவது நல்லது. தாலிச் செயினையும் வீட்டிலேயே வைத்துவிடலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் நாள் குறிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு எம்ஆர்ஐக்குப் பதிலாக வேறு வகை ஸ்கேன் எடுக்க வேண்டி வரும்.

காலையில் ஃப்ரேம் மாட்டுவார்கள், தலை அசையாமல் பிடித்துவைக்கும் சட்டம் அது. நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு, ஆக நான்கு இடத்தில் மரத்துப்போகும் ஊசி, அதன்மேல் நான்கு திருகு. மயக்கம் கொடுப்பதில்லை. ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும். திருகும்போது தலையை இடுக்கியில் வைத்த மாதிரி ஓர் அழுத்தம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது பழகிவிடும். நெற்றி ஊசியே வலியைத் தூண்டிவிடலாம் என்பதால் அன்றைய காலை மாத்திரையை விடக்கூடாது. ‘வெறும் வயிறு’ என்று யாராவது சொன்னாலும், வலி மாத்திரைக்கு மட்டும் ஒரு மடக்குத் தண்ணீர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நரம்பு மண்டைக்குள் தாழ்வான இடத்தில் இருக்கிறது. அதனால் ஃப்ரேமையும் தாழ்த்தி, சாயாமல் மாட்ட வேண்டும். அவசரமாக மாட்டிய ஃப்ரேம் என்றால் கருவிக்குள் தலையை வைக்கும்போது இடிக்கும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாட்டியபின் மெல்லிய அடுக்குகளாக எம்ஆர்ஐ, பிறகு திட்டமிட ஒன்றிரண்டு மணிக்கூர், பிறகு சிகிச்சை. உள்ளே வலியோ சூடோ எதுவும் தெரியாது. கத்தி என்று பெயரே தவிர, மிஞ்சுவது நான்கு பின் புள்ளிகள்தான்.

ஃப்ரேமுக்குப் பயந்து முகமூடி போடும் சைபர்நைஃப் பக்கம் போகிறவர்கள் உண்டு. அது ரோபோ கையில் பொருத்திய லீனியர் ஆக்ஸிலரேட்டர், கோபால்ட் இல்லாமல் மின்சாரத்தால் கதிர்வீச்சை உண்டாக்கும் கருவி. படுத்திருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்துத் தலை நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதுவும் வேலை செய்கிற முறைதான். இந்த வலிக்கு நீண்ட கால அனுபவம் அதிகம் சேர்ந்திருப்பது காமா நைஃபில். காமா நைஃபை உருவாக்கிய ஸ்வீடன் மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல், 1951-ல் ரேடியோசர்ஜரி (கத்திக்குப் பதில் கதிர்வீச்சால் செய்யும் அறுவை) என்ற சொல்லையே உண்டாக்கியவர். ஆரம்ப காலத்தில் அவர் கை வைத்த நோய்களில் இதுவும் ஒன்று.

இனி, மதிப்பெண் குறைந்த இடம். கதிர் பட்ட அன்றே வலி போகாது. சிலருக்கு ஒரு வாரத்தில், பலருக்கு மூன்று முதல் ஆறு வாரத்தில், இன்னும் சிலருக்கு மூன்று மாதமும் தாண்டும். இதைத் தெளிவாகச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பாட்டா ‘லட்சக்கணக்குல செலவழிச்சாச்சு, இனி எதுக்கு மாத்திரை’ என்று இந்த வலிக்குச் சாப்பிட்டுவந்த கார்பமாசெபின் மாத்திரையை நிறுத்திவிடுவார். இரண்டாம் நாளே வலி தெறித்துக்கொண்டு வரும், ‘சிகிச்சை தோல்வி’ என்று வீடே முடிவு கட்டிவிடும். தோற்றது சிகிச்சை இல்லை. மாத்திரை அதே அளவில் தொடர வேண்டும். வலி இல்லாமல் சில வாரம் போனபிறகு, மருத்துவர் சொல்லும் படியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் ‘தொடர்ந்து சாப்பிடவும்’ என்று மட்டும் இருந்தால் போதாது, எந்த வாரம் எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வாங்குங்கள்.

அந்த மாத்திரையையும் கவனித்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் சோடியத்தை அது இறக்கிவிடும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் முதியவர் திடீரென்று தள்ளாடினால், பேச்சுக் குழறினால், ‘வயசாயிட்டு’ என்று விடாமல் சோடியம் பார்க்க வேண்டும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் லேப் எதிலும் பார்க்கலாம். உடம்பில் தடிப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம்.

யாருக்கு ஏற்றது? மாத்திரை கேட்காதவர்கள் அல்லது மாத்திரை தாங்காதவர்களில் வயதானவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள். அந்த மருந்தைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியிருக்காது. நாற்பது வயது, நல்ல உடம்பு, ஸ்கேனில் ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவது தெளிவாகத் தெரிகிறது என்றால், காதுக்குப் பின்னால் திறந்து குழாயை விலக்கி வைக்கும் அறுவைசிகிச்சையைப் பற்றி முதலில் பேச வேண்டும். நிவாரணம் அதிலேதான் அதிகக் காலம் நிற்கிறது. கஞ்சிகூட இறங்காமல் மெலிந்துபோனவருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. ஊசி வழியாகப் போய் நரம்பைச் சூடாக்குவதோ பலூனால் அழுத்துவதோ உடனே பலன் தரும். கதிர்வீச்சு மட்டுமே உள்ள இடத்தில் கதிர்வீச்சைத்தான் சொல்வார்கள். எல்லா வழியும் உள்ள இடத்தில் ஒரு தடவை கருத்துக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ‘பேக்கேஜ்’ என்று சொல்லும் தொகையில் எம்ஆர்ஐ, சாய ஊசி, ஃப்ரேம், ஒரு ராத்திரி படுக்கை, மூன்றாம் மாதப் பரிசோதனை எல்லாம் அடங்குமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். காப்பீட்டின் முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

இந்தியாவில் அரசு நிறுவனங்களில் டெல்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் காமா நைஃப் இருக்கிறது. பெங்களூருக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் உண்டு, மதுரை வழியாகப் போகும் நாகர்கோவில் வண்டியும் உண்டு. ஸ்லீப்பரில் ஜன்னல் காற்று இந்த நோயாளியைக் கொன்றுவிடும். ஏசி எடுங்கள், அதிலும் காற்று நேரே முகத்தில் அடிக்கும் மேல் பெர்த் வேண்டாம்.

ஆரம்பத்தில் பலன் பெறுகிறவர்கள் பத்தில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். சில ஆண்டுகளில் அவர்களில் கணிசமானவர்களுக்கு வலி திரும்பும். இரண்டாம் முறை கொடுக்கலாம், மரப்புக்கு வாய்ப்பு கூடும். அந்த மரப்பு முதல் முறையிலும் சிலருக்கு வரும், மாதங்கள் கழித்து மெதுவாக. கன்னம் மரத்தால் சூடான மீன் குழம்பில் உள்கன்னம் வெந்தது தெரியாது, சாப்பிட்ட சோறு கடைவாயில் தங்குவதும் தெரியாது. கண் பக்கம் மரத்தால் தூசி விழுந்தது தெரியாமல் கருவிழியில் புண் வரும். கண் சிவந்தும் வலிக்கவில்லை என்றால், வலிக்காததாலேயே அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.