மாங்கூழ்ப் பருவமும் மேகக் கணிமையும்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் பெரிய கணினித் திறன் தேவைப்படுவது ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குத்தான். பெங்களூரா மாங்காய் வரத்துத் தொடங்கிவிட்டால் சந்தூர், போச்சம்பள்ளி, ஜெகதேவி பக்கங்களிலிருந்து லாரிகளும் டிராக்டர்களும் இரவு பகலாக வந்து எடைமேடை முன் வரிசை கட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் எடைச்சீட்டு, கழிவு, விவசாயி அல்லது மண்டிக் கணக்கு, அன்றைய விலை, உற்பத்தித் தொகுதி எண் எனப் பதிவுகள் குவியும். பருவம் முடிந்த பின் மிஞ்சுவது 3.1 கிலோ டின்களும் 215 கிலோ பைகள் அடங்கிய டிரம்களும் அவற்றுக்கான ஏற்றுமதி ஆவணங்களும்தான். காவேரிப்பட்டணம் அருகே அத்தகைய ஆலையொன்றின் கணக்குப் பிரிவைக் கவனிக்கும் எனக்கு, 2019 பருவத்துக்கு முன்பு சர்வரை (அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் பொதுவாகத் தரவும் மென்பொருளும் வைத்திருக்கும் கணினியை) மேகக் கணிமைக்கு மாற்றியதிலிருந்து கிடைத்த அனுபவம், இத்தகைய பருவத் தொழில் செய்வோருக்குப் பயன்படலாம்.

மேகக் கணிமை என்பது, வேறொருவரின் தரவு மையத்தில் உள்ள கணினித் திறனை இணையம் வழியாக, பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் செலுத்திப் பெறுவதாகும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வரையறை இதனை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது: மின்னஞ்சல் போல ஆயத்தமான மென்பொருளைச் சேவையாகப் பெறுவது, மென்பொருள் உருவாக்குவோருக்கான தளத்தைப் பெறுவது, வெறும் சர்வரையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு எடுப்பது. நடுவில் உள்ளது எங்களைப் போன்றோருக்குத் தேவைப்படுவதில்லை. மின்னஞ்சலும் பகிர்வுக் கோப்புகளும் முதல் வகையில் அமைந்தன. கணக்கு மென்பொருளும் இருப்புப் பதிவும் மூன்றாம் வகையில், மும்பையில் உள்ள வாடகைச் சர்வரில் இயங்குகின்றன.

பருவத்தில் மட்டும் காய் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கூடுதலாக வாடகைக்கு எடுத்துவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புகிறோம் அல்லவா, சர்வரையும் அப்படி நடத்த முடிகிறது என்பதே இந்த மாற்றத்தின் முழுப் பயன் என்று நான் கருதுகிறேன். முன்பு அலுவலக அறையில் இருந்த சர்வர் உச்சப் பருவத்தின் சுமைக்கு ஏற்ப வாங்கப்பட்டது. எஞ்சிய மாதங்களில் அது குளிர்சாதனத்தையும் யுபிஎஸ் பேட்டரியையும் தின்றுகொண்டு சும்மா இருந்தது. இப்போது ஏப்ரல் இறுதியில் 8 கோர் (செயலியின் கணிப்பு அலகு), 32 ஜிபி நினைவகத்துக்கு உயர்த்துகிறோம். பருவம் ஓய்ந்ததும் 2 கோர், 8 ஜிபிக்கு இறக்குகிறோம். இயந்திரத்தை நிறுத்தி, அளவை மாற்றி, மீண்டும் தொடங்குவதற்குச் சில நிமிடங்களே ஆகின்றன. ஆனால் இறக்குவது யாருடைய பொறுப்பு என்பதைப் பெயர் குறித்து எழுதி வைக்காத நிறுவனத்துக்கு மேகக் கணிமை சொந்தச் சர்வரைவிடச் செலவு மிக்கதாகிவிடும்; ஏனெனில் உயர்த்துவதற்குக் கேட்க ஆள் இருப்பார்கள், இறக்கச் சொல்லி எவரும் கேட்பதில்லை.

கட்டண விவரத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தி வைத்தாலும் அதனுடன் இணைந்த, தரவைச் சேமிக்கும் வட்டுக்கான கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றாடம் எடுக்கப்படும் வட்டு நகல்களுக்குக் காலாவதி விதி அமைக்காவிட்டால் அவை மாதக்கணக்கில் சேர்ந்து, கட்டணப் பட்டியலில் தனி இனமாக வளர்ந்து நிற்கும். உள்ளே அனுப்பும் தரவுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. வெளியே எடுக்கும் தரவுக்கு உண்டு. ஓராண்டு அல்லது மூன்றாண்டுக்குத் தொடர்ந்து பயன்படுத்துவதாக உறுதியளித்தால் தள்ளுபடி கிடைக்கும் என்றாலும், எங்களைப் போன்றோர் குறைந்தபட்ச அளவுக்கு மட்டும் ஓராண்டு உறுதி அளித்து, பருவக் கூடுதலை மணிக்கட்டணத்தில் வைத்துக்கொள்வதே பொருத்தம். 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள வேண்டுமானால், சேவைக் கணக்கில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைத் தொடக்கத்திலேயே பதிந்திருக்க வேண்டும்.

இணைய இணைப்பே இந்த ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி. சாலைப் பணிக்குப் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுபடுவது எங்கள் பகுதியில் வழக்கமான செய்தி. ஆகவே ஒரு நிறுவனத்தின் ஃபைபரும் மற்றொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பும் சேர்ந்து, ஒன்று விழுந்தால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்துள்ளோம். அதற்கு மேலும் ஒரு முடிவு எடுத்தோம்: எடைமேடைக் கணினியை மேகத்துக்கு மாற்றவில்லை. அது அங்கேயே பதிவு செய்து சீட்டு அச்சிடும். இணைப்பு வந்தபோது பதிவுகள் மேலே செல்லும். பழுத்த காயுடன் வெயிலில் நிற்கும் வண்டிக்காரரிடம் இணைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. 99.9 சதவீத நேரம் சேவை இயங்கும் என்று சேவை நிறுவனங்கள் தரும் உறுதி என்பது மாதத்துக்கு ஏறத்தாழ 43 நிமிடத் தடையை அனுமதிப்பது. அதை மீறினாலும் கிடைக்கும் ஈடு கட்டணத்தில் ஒரு பகுதிக் கழிவுதான், வீணான காய்க்கு ஈடு எதுவும் இல்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, தரவு மையக் கட்டடம், மின்சாரம், வன்பொருள் ஆகியவை சேவை நிறுவனத்தின் பொறுப்பு; கடவுச்சொல், பயனர் அனுமதி, தரவு ஆகியவை நம் பொறுப்பு. ஊழியர் ஒருவர் கோப்பை அழித்தால் அது மேகத்திலும் அழியும். வேறிடத்திலிருந்து சர்வரின் திரையை இயக்க உதவும் தொலைத்திரை வாயிலை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைத்தால், கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் நிரல்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருப்பதை உள்நுழைவுப் பதிவேட்டிலேயே காணலாம். ஆகவே விபிஎன் எனும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும், அதுவும் இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலுடன் நுழையும்படி வைத்திருக்கிறோம். காப்பு நகல் தனிக் கணக்கில், நாள்தோறும், வேறொரு இந்திய மையத்தில் சேமிக்கப்படுகிறது. மின்னணு முறையில் கணக்கேடு வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் அன்றாடக் காப்பு நகல் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகள் திருத்தப்பட்டதால், இது எங்களுக்குச் சட்டக் கடமையும்கூட. மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை உள்ளிட்ட மூன்று இடங்களிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும், 2022-இல் ஹைதராபாத்திலும் மையங்களைத் திறந்திருப்பதால் இதற்கு வெளிநாட்டை நாட வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான திருத்தப் பதிவு வசதியும் கணக்கு மென்பொருளில் உள்ளதால், தணிக்கையாளர் தம் அலுவலகத்திலிருந்தே யார், எப்போது, எதை மாற்றினார் என்று பார்த்துக்கொள்கிறார். பெட்டி பெட்டியாக வவுச்சர்களைக் காரில் ஏற்றும் வேலை குறைந்திருக்கிறது, முற்றாக ஒழியவில்லை.

உள்ளூர் விற்பனையாளர் மூலம் சேவையை எடுப்பவர்கள் ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்: முதன்மைக் கணக்கு நிறுவனத்தின் மின்னஞ்சலிலும் தொலைபேசி எண்ணிலுமே தொடங்கப்பட வேண்டும். விற்பனையாளர் பெயரில் இருந்தால், அவரை மாற்ற விரும்பும் நாளில் நம் தரவுக்கே நாம் அனுமதி கேட்டு நிற்க நேரும்.

கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை இன்றும் ஆலையிலுள்ள பதிவுப் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம். எங்கள் இணைப்பின் மேலேற்ற வேகம் அத்தனை கேமராக்களுக்குத் தாங்காது. இரண்டு மூன்று கணினிகள் மட்டும் உள்ள மண்டிக்கோ நர்சரிக்கோ வாடகைச் சர்வர் எடுக்கப் பரிந்துரைக்க மாட்டேன். மாதக் கட்டணத்தில் கிடைக்கும் ஆயத்தக் கணக்கு மென்பொருளே அவர்களுக்குப் போதும். தரவு முழுவதையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க அது இடம் தருகிறதா என்பதைப் பணம் கட்டும் முன் ஒருமுறை எடுத்துப் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும்.