மெயில் சர்வரை கிளவுடுக்கு மாற்றி ஒன்றரை வருடம்: ஐபி முகவரிதான் தீராத தலைவலி

வீட்டில் ஓடும் மெயில் சர்வரை கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வருக்கு, மாற்றலாமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

மாற்றும் வேலை பயந்த அளவுக்கு இல்லை. இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் ரெக்கார்டின் (எனக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைத்துவிட்டேன். பழைய மெயில்களை ஐமேப்சிங்க் என்ற மென்பொருள் கொண்டுபோய்ச் சேர்த்தது. நடுவில் இரண்டு மணி நேரம் பழைய சர்வரும் இல்லை, புதியதும் இல்லை. ஆனாலும் ஒரு மெயில்கூடத் தொலையவில்லை. வாங்க ஆள் இல்லையென்றால் அனுப்பும் சர்வர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து தட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள், நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 நாள் வரை தட்டும். அன்று இரவு சர்வர் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் லாக்கைத் திறந்து வைத்து, தேங்கிய மெயில்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம். கரண்ட் போனால் மெயிலும் போச்சு என்ற கவலையும் அதோடு தீர்ந்தது.

அனுப்புவதுதான் பிரச்சினை. வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரிகள் பெரும்பாலும் ஸ்பேம்ஹவுஸ் என்ற ஸ்பேம் தடுப்பு அமைப்பின் பிபிஎல் பட்டியலில் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத முகவரிகளின் பட்டியல்) இருக்கும் என்பதால் அதுவரை ரிலே வழியாகத்தான், அதாவது இன்னொருவரின் சர்வர் மூலமாகத்தான், அனுப்பினேன். கிளவுடில் நேரடியாக அனுப்பலாம் என்பதே நான் மாறியதற்கு முக்கியக் காரணம். அங்கேயும் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வழியான போர்ட் 25 பூட்டியிருந்தது. டிக்கெட் போட்டுத் திறக்க 4 நாள். மெயில் உண்மையில் என்னிடமிருந்துதான் வருகிறது என்று மற்ற சர்வர்கள் சரிபார்க்க உதவும் பிடிஆர், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகள் எல்லாம் சரியாக வைத்தேன். முதல் மெயிலே 550 5.7.1 என்ற மறுப்புக் குறியீட்டோடு திரும்பி வந்தது.

அந்த ஐபியை எனக்கு முன் வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருக்கிறார். படிவம் நிரப்பி, தடைப்பட்டியலிலிருந்து அதை எடுக்க வைத்தேன். மூன்று மாதம் கழித்து, பக்கத்து முகவரி ஒன்று செய்த தப்புக்கு அந்த வரிசையின் 256 முகவரிகளும் மாட்டிக்கொண்டன. என்னுடையதும்தான்.

திரும்பி வந்தாலாவது தெரியும். 250, அதாவது 'ஏற்றுக்கொண்டேன்' என்ற குறியீட்டைச் சொல்லி வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் ஸ்பேமில் போடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அக்கா எழுதிய மெயிலுக்கு அன்றைக்கே பதில் போட்டிருந்தேன். பத்து நாள் கழித்து, "ஒரு வரி எழுத நேரமில்லையாடா?" என்று போனில் கேட்டாள். லாக்கில் பார்த்தால் 250, வாங்கிக்கொண்டாயிற்று.

பெரிய சேவைகளுக்கு வந்து குவியும் குப்பை எவ்வளவு என்று தெரியும். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம் என்றது நல்ல விதி, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் எல்லா விதிக்கும் உட்பட்டு நடக்கிறவனை ஒதுக்கினால், ஏன் என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா?

நண்பர் கேட்ட அன்று காலையில்தான் இன்னொரு மெயில் திரும்பியிருந்தது. மாற்றாதீர்கள் என்றே சொல்லிவிட்டேன். வேறொரு நாள் கேட்டிருந்தால், வருவதற்கு கிளவுட், போவதற்கு ரிலே என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். என் சர்வரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் எண்ணம் எனக்கு இல்லை.