வீட்டில் அடைத்த ஜாடி: கத்தியா, ஓப்பனரா?

வீட்டில் உணவைச் சூடாக அடைத்து வைக்கும் கண்ணாடி ஜாடிக்கு மூடி இரண்டு பாகம்: உள்ளே ஒரு தட்டை மூடி, அதன்மேல் திருகும் வெளிவளையம். வெளிவளையத்தைத் திருகிக் கழற்றினால் ஜாடி திறந்துவிடும் என்று நினைப்போம். திறக்காது. உள்ளே இருக்கும் தட்டை மூடியைப் பிடித்து வைத்திருப்பது வளையம் அல்ல, வெற்றிடம். சூடாக அடைத்தது ஆற ஆற உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை அமுக்கிக்கொள்கிறது. ஓரத்தில் துளி காற்று நுழைந்தால் போதும், வேலை முடிந்தது. எதைக் கொண்டு நெம்புவது என்பதுதான் கேள்வி.

கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதற்குள்ள பெருமை அவ்வளவுதான். நானும் பல நாள் அப்படித்தான் திறந்தேன். ஒருமுறை முனை வழுக்கி, ஜாடி விளிம்பில் அரிசி அளவு சில்லு பெயர்ந்தது. அது உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா தெரியாமல் மொத்தத்தையும் கொட்டினேன். ஜாடியும் போச்சு: விளிம்பு பெயர்ந்த இடத்தில் மூடியின் ரப்பர் பூச்சு படியாது, மறுபடி அடைக்க முடியாது.

சோடா ஓப்பனருக்கு முனையே கிடையாது. கொக்கியை மூடியின் ஓரத்துக்கு அடியில் கொடுத்து, ஜாடியைச் சுற்றி இரண்டு மூன்று இடங்களில் லேசாகத் தூக்கினால் ‘டப்’பென்று விட்டுக்கொடுக்கும். மூடி கொஞ்சம் வளையும்தான். வளையட்டுமே, அந்தத் தட்டை மூடி ஒரு தடவை அடைக்க மட்டுமே ஆனது. என் ஓட்டு ஓப்பனருக்கே.

எதில் திறந்தாலும் மூடி விரல் பட்டதும் கழன்றாலோ, உப்பியிருந்தாலோ, திறக்கும்போது பீய்ச்சியடித்தாலோ நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். அடைத்த உணவில் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும், உயிரையே பறிக்கக்கூடிய பாட்டுலிசம் நஞ்சுக்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை.