புல்லா, பேவர் கல்லா, மணலா: கடலோர வீட்டுக்கு எந்த முற்றம்?

போன பங்குனியில் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரைப் பக்கம் மச்சான் கட்டியிருக்கும் புது வீட்டுக்குப் போயிருந்தேன். முன்வாசலில் இரண்டு சென்ட் அளவுக்குக் கொரியன் புல் பதித்திருந்தார். எட்ட நின்று பார்த்தால் பச்சை. குனிந்து விரலால் விலக்கிப் பார்த்தால் நுனியெல்லாம் வைக்கோல் நிறத்தில் கருகி, வேரடியில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. "தினமும் தண்ணி விடுறேன் மாப்ளே, அப்புறம் ஏன் கருகுது?" என்று கேட்டார். அந்தத் தண்ணீர்தான் காரணம். அவர் வீட்டுப் போர் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கும். ஊற்றுகிற நீர் வெயிலில் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். மறுநாளும் ஊற்றினால் இன்னும் கொஞ்சம் தங்கும்.

நம் கரையில் புது வீடு கட்டுகிறவர்கள் முற்றத்துக்கு மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறார்கள். புல்தரை, பேவர் கல், இல்லையென்றால் பழையபடி மணல். மூன்றோடும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் புல். தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். வெயில் காலத்தில் புல்தரைக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தால்கூட சென்ட்டுக்கு 200 லிட்டர், மச்சான் வீட்டுக்கு 400 லிட்டர். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு சரி. மீதி ஒன்பது மாதத்துக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. அதே வீட்டின் ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில், ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் மொத்தமாக விழுவதே 74,000 லிட்டர்தான். ஒரு சொட்டு விடாமல் பிடித்துத் தொட்டியில் நிரப்பினாலும் அந்தப் புல்லுக்குக் காணாது. குடிக்கக் காவிரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் இந்தக் கணக்கு எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

புல்லுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் விழுந்து புரள அதைப் போல மெத்தென்று வேறு எதுவும் இல்லை. அதற்காகவே வேண்டுமென்றால், முழு முற்றத்துக்கும் போடாமல் திண்ணை அளவுக்கு அருகம்புல் போடலாம். அது ஓரளவு உப்பைத் தாங்கும், கருகினாலும் ஒரு மழையில் திரும்பத் துளிர்க்கும். அதை விட நல்லது பொடுதலை. வாய்க்கால் ஓரத்தில் தானாகப் படர்ந்து கிடக்குமே, பொடிப்பொடியாக வெளிர் ஊதாப் பூ வைத்து, அதேதான். உவர் மண்ணிலும் படரும், மிதித்தாலும் சாகாது, வெட்டி விடும் வேலையும் குறைவு. பூத்த நேரத்தில் தேனீ வரும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருந்தால் அதை மட்டும் கவனியுங்கள்.

பேவர் கல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார் நிறுத்தும் இடத்துக்கு வசதி, சேறு இல்லை. அதைச் சுவரிலிருந்து சுவர் வரை பதிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சித்திரை மத்தியானம் அதன் மேல் கால் வைக்க முடியாது, அந்தச் சூடு ராத்திரி எட்டு மணி வரை வீட்டுக்குள் அடிக்கும். அடியில் ஜல்லித்தூள் போட்டு இறுக்கிவிடுவதால், மழை பெய்தால் மண்ணுக்குள் இறங்க வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி தெருவுக்கு ஓடுகிறது. கரையோரத்தில் கடல் உவர் உள்ளே ஏறாமல் அழுத்திப் பிடிப்பதே மேலே நிற்கும் இந்த மழைநீர்தான். அதை நாமே வெளியே விரட்டலாமா?

இனி மணல். உச்சிப்புளிப் பக்கம் எங்கள் அம்மா வீட்டு முற்றம் இன்றும் மணல்தான். விடியற்காலையில் ஈர்க்குமாற்றால் அம்மா கூட்டி முடித்தால், கோடு கோடாக, நெசவு போட்ட மாதிரி இருக்கும். பூவரச மரத்தடியில் முதல் நாள் மஞ்சளாகப் பூத்தது மறுநாள் செந்நிறமாகி அந்தக் கோடுகளின் மேல் விழுந்து கிடக்கும். அதை விட அழகான முற்றத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. மழை பெய்து ஐந்து நிமிடத்தில் தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கிவிடும். குறை உண்டு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் பறந்து வீட்டுக்குள் வரும், தினமும் கூட்ட ஆள் வேண்டும். வாசலிலிருந்து படி வரை மட்டும் நாலடி அகலத்துக்குக் கல் பாவி, வெளி ஓரங்களில் அடப்பங்கொடி விட்டால் பறப்பது பெரிதும் அடங்கும். கடற்கரை மணல் மேட்டையே பிடித்து நிறுத்துகிற கொடி அது. மணல் நிரப்புகிறவர்கள் கடல் மணலை அள்ளிக் கொட்ட வேண்டாம், உப்பைச் சுமந்துகொண்டு வரும். பாத்தி ஓரத்துக்கு அழகாக இருக்கிறதென்று கரை ஒதுங்கிய பவளக் கல்லையும் எடுக்காதீர்கள். 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

முற்றத்தை விட மரத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நர்சரியில் கேட்டால் குல்மோகரையோ கோனோகார்பஸையோ எடுத்துக் கொடுக்கிறார்கள். குல்மோகர் பூத்தால் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் கிளை முறியும், வேர் மேலாகவே ஓடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலைப் பார்த்த கரை இது. கூரைக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது. கோனோகார்பஸ் உப்பைத் தாங்கும், இரண்டே வருடத்தில் சுவர் போல நிற்கும், அதனால்தான் எல்லாருக்கும் ஆசை. அதன் வேர் தண்ணீரைத் தேடிக் குழாய்க்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் புகும். 2023-இல் குஜராத் அரசு அதை நடவே தடை போட்டது.

இந்தப் பக்கம் பூவரசும் புன்னையும். புன்னை மெதுவாகத்தான் வளரும், முதல் நாலைந்து வருடம் பொறுமை வேண்டும். ஆனால் அந்தத் தடித்த, பளபளப்பான இலையில் உப்புக் காற்று பட்டாலும் ஒட்டாது. பூ வெள்ளையாக, நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு, வாசல் முழுக்க மணக்கும். கடலைப் பார்த்த முதல் வரிசை வீடு என்றால் என் ஓட்டு புன்னைக்குத்தான். ஒரு தெரு உள்ளே தள்ளியிருந்தால் பூவரசு, சீக்கிரம் நிழல் கிடைக்கும். இடம் தாராளமாக இருந்து தண்ணீரே இல்லையென்றால் நம்மூர் உடை மரத்தை வெட்டாமல் விட்டுவிடுங்கள். குடை விரித்தது போல அது நிற்கும் அழகுக்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை.

வீடு எந்தக் கடலைப் பார்த்திருக்கிறது என்பதும் முக்கியம். மீனவர்கள் ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் காலத்தில் உப்புச் சாரல் அடிக்கும். பெண் கடலான பாக் விரிகுடாப் பக்கத்துக்கு வாடைதான் வில்லங்கம். காற்று வரும் அந்தப் பக்கத்தில் நொச்சியை நெருக்கி வைத்து, அதற்குப் பின்னால் மென்மையான செடிகளை வையுங்கள். வேலிக்கு டுராண்டாவா கிளுவையா என்றால் யோசிக்கவே வேண்டாம், கிளுவைதான். முள் இருப்பதால் ஆடு உள்ளே வராது, போத்து, அதாவது தடித்த கிளை, வெட்டி ஊன்றினாலே பிடிக்கும். அரளியை ஆடு கடிக்காது என்று சிலர் வைக்கிறார்கள். அதன் ஒவ்வொரு பாகமும் விஷம், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

பூச்செடி என்றால் குரோட்டன்ஸ் தொட்டி வரிசைக்குப் பதில் தங்கச்சிமடத்துக் குண்டுமல்லி நாற்று நாலு. தமிழ்நாடு முழுக்க நாற்று இங்கேயிருந்து போகும்போது நாம் வெளியூர்ச் செடி வாங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மல்லிக்கு மட்டும் கரிக்காத தண்ணீர் வேண்டும், மாடியில் பிடித்த மழைநீரை இதற்கு வையுங்கள். கார்த்திகை நடுவில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணிவிட்டால் வெயில் காலத்தில் மடி நிறையப் பூ எடுக்கலாம்.

மச்சான் கடைசியில் புல்லில் பாதியை எடுத்துவிட்டு மணல் விட்டார். ஐப்பசி முதல் மழைக்கு எங்கள் மரத்திலிருந்து ஆறடி நீளத்தில் கட்டை விரலை விடத் தடித்த மூன்று பூவரசம் போத்து வெட்டிக் கொண்டுபோனேன். இரண்டடிப் பள்ளத்தில் ஊன்றி, மேல் வெட்டு காயாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு சாணி உருண்டை அப்பினோம். தை மாதம் போனபோது இரண்டில் மட்டும் சாணிக்குக் கீழே துளிர் விட்டிருந்தது. மூன்றாவதை அவர் இன்னும் பிடுங்கவில்லை, விரலால் பட்டையைச் சுரண்டிக் காட்டினார், உள்ளே பச்சை இருந்தது.