உதவிப் போதகர்களுக்கான தஞ்சாவூர் பயிற்சி வகுப்பு: எது நன்றாக இருந்தது, எது போதவில்லை

தலைமைப் போதகருக்குக் கீழே ஊழியம் செய்கிறவர்களுக்கு மட்டும் தஞ்சாவூரில் ஒரு பயிற்சி நடக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை. விளம்பரம் வேண்டாம் என்று நடத்துகிறவர்களே கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை, டெல்டா பக்கத்துப் போதகர் ஐக்கியக் கூட்டங்களில் விசாரித்தால் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு சபையில் உதவிப் போதகராக இருக்கிறேன். எங்கள் பாஸ்டர்தான் என்னை அனுப்பிவைத்தார். போகலாமா என்று நிறைய தம்பிமார் கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இப்படி ஒரு வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு. வேதாகமக் கல்லூரியில் பிரசங்கம் செய்யச் சொல்லித் தருகிறார்கள், வேத வியாக்கியானம் சொல்லித் தருகிறார்கள், சபை வரலாறு சொல்லித் தருகிறார்கள். ஆனால் படித்துவிட்டு வருகிற பெரும்பாலானவர் நேராகத் தலைமைப் போதகர் ஆவதில்லை, இன்னொருவருடைய சபையில், இன்னொருவருடைய தரிசனத்துக்குக் கீழேதான் வேலை தொடங்குகிறார். அங்கே எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. விளைவு என்ன என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், நான்கு வருடம் கழித்து அதே தெருவில் புதிதாக ஒரு போர்டு தொங்கும், பாதி விசுவாசிகள் இங்கே, பாதி அங்கே, ஒரே குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை வேறு வேறு வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள்.

பாடம் எடுப்பவர்கள் பல பேர். அதில் நாகப்பட்டினம் பக்கம் ரொம்ப காலம் ஊழியம் செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா எடுத்த வகுப்புகள்தான் இந்தப் பயிற்சியின் உயிர். அவருக்காகவே போகலாம். 2 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை ஒரு முழு காலைப்பொழுது எடுத்தார். தகப்பனாகிய தாவீது ராஜாவுக்கு விரோதமாக எழும்பப்போகிற அப்சலோம் அதிகாலையில் எழுந்து பட்டணத்து வாசலுக்குப் போகிற வழியில் நிற்கிறான், வழக்குக்கு வருகிறவனிடம் எந்த ஊர் என்று விசாரிக்கிறான், உன் நியாயம் சரிதான், ஆனால் கேட்பதற்கு ராஜாவிடத்தில் ஆள் இல்லையே என்கிறான், வணங்க வருகிறவனைக் கையைப் பிடித்து முத்தமிடுகிறான். ஐயா கேட்டார்: இதில் எந்த ஒரு செயலைத் தனியாக எடுத்தாலும் தப்பு என்று சொல்ல முடியுமா? அதிகாலையில் எழுவது நல்லது, விசாரிப்பது நல்லது, அன்பாகப் பேசுவது நல்லது. எல்லாம் சேர்ந்துதான் இஸ்ரவேலருடைய இருதயத்தைக் கவர்ந்துகொள்வது என்று வேதம் சொல்கிற காரியம் ஆகிறது.

அப்புறம் அதை நம்முடைய சபைக்குக் கொண்டுவந்தார். ஒரு விசுவாசி உங்களிடம் வந்து, "பாஸ்டர் எங்க வீட்டுக்கு வரவே மாட்டேங்கிறார், நீங்களாவது வர்றீங்களே தம்பி" என்கிறார். என்ன சொல்வீர்கள்? சும்மா சிரித்துக்கொண்டு நின்றால்கூட அது ஒரு பதில்தான் என்றார். அவர் சொல்லித் தந்த பதில்: "அக்கா, இதை அவர்கிட்டயே சொல்லுவோம், நானும் கூட வர்றேன்." அவ்வளவுதான். குறை இருந்தால் அந்த ஆளிடமே நேரில் போய்ச் சொல் என்கிற மத்தேயு 18:15-ஐ எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், இப்படி வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாக யாரும் கையில் தந்ததில்லை. அந்த வாக்கியத்தை நான் இப்போது பயன்படுத்துகிறேன். கூட வருகிறேன் என்றதும் பாதிப்பேர் "பரவாயில்ல தம்பி, விடுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். மீதிப்பேர் உண்மையிலேயே வருகிறார்கள், பேசித் தீர்கிறது.

இதே போல இன்னொன்று, பாஸ்டர் பெயரை எப்படிப் பயன்படுத்துவது என்பது. அவர் சொல்லாததை "பாஸ்டர் சொல்லச் சொன்னார்" என்று சொல்லக்கூடாது, இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன ஒரு கசப்பான முடிவை அறிவிக்கும்போது, "எனக்கும் இதுல இஷ்டம் இல்லதான், என்ன பண்றது, அவர் சொல்லிட்டார்" என்று தோளைக் குலுக்குவதும் அதே அளவு உண்மையின்மை என்று ஐயா சொன்னார். கருத்து வேறுபாடு இருந்தால் அறைக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும், வெளியே வந்த பிறகு அது நம்முடைய முடிவும்தான். வாலிபர்களுக்கென்று பாஸ்டர் இல்லாத தனி வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பது, அவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருக்கிற ஞாயிறு அன்று அவர் எடுத்துவருகிற தொடர் செய்தியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது, திருவிருந்து முறையை அந்த ஒருநாள் மட்டும் மாற்றிப் பார்ப்பது, இதெல்லாம் வரிசையாக வந்தது. வகுப்பில் நிறைய தலைகள் குனிந்திருந்தன.

நடைமுறை வேலைகள் பற்றிய பகுதி வேகமாகப் போனது, ஆனால் பிரயோஜனமானது. காணிக்கையை ஒருபோதும் தனியாக எண்ணாதே, இரண்டு பேர் எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே பொருளாளரிடம் ஒப்படை. ஆஸ்பத்திரியில் பார்த்துவந்தவர்களை ஒரு நோட்டில் எழுதி, ஞாயிறு ஆராதனைக்கு முன்பே பாஸ்டரிடம் சொல்லிவிடு, வாசலில் அந்தக் குடும்பத்தைப் பார்த்து அவர் ஒன்றும் தெரியாமல் நிற்கக் கூடாது. வீட்டு ஜெபத்துக்கு நாள் குறிப்பதில் வயல் வேலையைப் பார். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை நடவு ஓடும், நடவுக்குப் போய்வந்த பெண்களை ராத்திரி ஒன்பது மணிவரை உட்காரவைத்து ஜெபம் பண்ணாதே. சம்பா அறுவடை நேரத்தில் ஆராதனைக்கு ஆள் குறைந்தால் மேடையிலிருந்து கடிந்துகொள்ளாதே, களத்துமேட்டுக்குப் போய்ப் பார். பயிற்சியையே அறுவடை மாதங்களில் வைப்பதில்லை. இப்படி யோசித்து நடத்துகிறவர்கள் குறைவு.

எனக்குப் பிடித்த இன்னொரு நாள் தரங்கம்பாடி போனது. வகுப்பில் சேர்ந்தவர்களை வேனில் கூட்டிப்போனார்கள். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று சக மிஷனெரி புளுட்சோவோடு வந்து இறங்கியது, 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் கட்டியது, அடுத்த வருடமே இறந்தது, இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. அன்று ஐயா பேசியது சீகன்பால்கோடு ஊழியம் செய்த கிரண்ட்லரைப் பற்றி. சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சு முடிந்தபோது சீகன்பால்க் இங்கே இல்லை, ஐரோப்பாவுக்குப் போயிருந்தார். இங்கே இருந்து பள்ளிக்கூடத்தையும் சபையையும் பார்த்துக்கொண்டு, அச்சு வேலையையும் முடித்தவர் கிரண்ட்லர். பெயர் சீகன்பால்குடையது, கிரண்ட்லர் அதைத் தன் பெயராக மாற்றிக்கொள்ளப் பார்க்கவில்லை. சீகன்பால்க் இறந்த மறுவருடம் இவரும் இறந்தார், அதே ஆலயத்தில்தான் அடக்கம். பழைய ஏற்பாட்டை சீகன்பால்க் ரூத் வரைக்கும்தான் முடித்திருந்தார், மீதியைப் பின்னால் வந்த மிஷனெரி சூல்ச் முடித்தார். இன்னொருவர் பாதியில் விட்ட வேலையைக் கையில் எடுத்து முடிக்கிறவருக்கு என்ன மனசு வேண்டும் என்று அந்த ஆலயத்துக்குள் உட்கார்ந்து கேட்டபோது எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை, கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினோம்.

அங்கேயே ஆரோனைப் பற்றியும் சொன்னார்கள். உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் இல்லாமல் வேதம் போதிக்கிற ஊழியராக இருந்து, பிறகு 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் சீர்திருத்தச் சபைப் போதகர். நல்லது. ஆனால் என் முதல் வருத்தம் இங்கேதான். ஆரோனைச் சொன்னவர்கள் ராஜநாயக்கனைச் சொல்லவில்லை. தஞ்சாவூர் ராஜாவின் படையில் வேலை பார்த்தவர், தரங்கம்பாடி மிஷனெரிகள் சுலபமாக நுழைய முடியாதிருந்த தஞ்சை ராஜ்யத்துக்குள்ளே உபதேசியாராக இருந்து சபைகளை நடத்தியவர், 1771-ல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் கையிலிருந்து மற்றவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற பயம் அவருக்குப் பட்டம் கிடைக்காமல் போனதற்கு ஒரு பெரிய காரணம். உதவியாளனாக உண்மையோடு இருந்தால் தேவன் உயர்த்துவார் என்று ஆரோனைக் காட்டிச் சொல்லும்போது, அதே உண்மையோடு வாழ்நாள் முழுக்க இருந்தும் மனிதர்கள் உயர்த்தாமல் விட்டவரையும் காட்டத்தான் வேண்டும். டெல்டாவில் ஒரு உதவிப் போதகர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று இன்றைக்கும் பார்க்கிற சபைகள் இருக்கின்றன. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த சிலருக்கு அந்தக் கதைதான் தேவைப்பட்டது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. "தண்ணீர் வார்த்த கை" என்று ஒரு வகுப்பு, தீர்க்கதரிசி எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்த அவருடைய உதவியாளர் எலிசாவை வைத்து (2 இராஜாக்கள் 3:11). எடுத்தவர் வேறொருவர். சின்ன வேலை, பெரிய வேலை என்று பார்க்காதே என்பது வரைக்கும் சரி, நானும் ஆமென் சொன்னேன். ஆனால் அங்கிருந்து அவர் பாஸ்டர் வீட்டுக்குக் காய்கறி வாங்குவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கார் கழுவுவது எல்லாவற்றையும் அதே வசனத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். எங்கள் பாஸ்டர் என்னிடம் இப்படி எதுவும் கேட்டதில்லை, அதனால் இது என் சொந்தக் குறை இல்லை. ஆனால் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர், வாரத்தில் பாதி நாள் இந்த வேலைகளிலேயே போகிறது, வேதம் வாசிக்க நேரமில்லை என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு அந்த வகுப்பு என்ன கொடுத்தது?

எலிசா தண்ணீர் வார்த்தது உண்மை. எலியா என்ன செய்தார் என்பதும் அதே புஸ்தகத்தில் இருக்கிறது. பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன்னே அவர் எலிசாவைப் பார்த்து, நான் உனக்கு என்ன செய்யவேண்டும், கேள் என்கிறார். மோசே எல்லா இஸ்ரவேலருக்கும் முன்பாக யோசுவாவைக் கூப்பிட்டுத் திடப்படுத்துகிறார். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, தகப்பனுக்குப் பிள்ளை செய்வதுபோல என்னோடு ஊழியம் செய்தான் என்று தீமோத்தேயுவைப் பேர் சொல்லி மெச்சுகிறார். தலைவர் உதவியாளருக்குச் செய்யவேண்டியது என்று ஒரு பக்கம் வேதத்தில் இருக்கிறது, பயிற்சியில் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதிக்கு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா, மனைவிக்குப் பிரசவம் என்றால் யார் பார்ப்பது, எத்தனை வருடத்துக்குப் பிறகு கிளைச் சபையைக் கையில் கொடுப்பார்கள், இவை எதையும் பேசவில்லை. இவற்றைப் பேசுவது விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பேசாமல் விடுவதால்தான் பல பேர் மனசுக்குள் கசந்து, கடைசியில் அந்தப் புதுப் போர்டைத் தொங்கவிடுகிறார்கள்.

மூன்றாவது, எல்லை எது என்பது. தலைமைப் போதகர் பணத்தில் தவறு செய்தால், ஒரு பெண்ணிடம் தவறாக நடந்தால், பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் உதவியாளர் என்ன செய்யவேண்டும்? கடைசி நாள் சாயங்காலம் கொஞ்ச நேரம் இதைத் தொட்டார்கள், அதுவும் கேள்வி வந்த பிறகு. "அபிஷேகம் பண்ணப்பட்டவர்மேல் கை போடாதே" என்று ஒருவர் தாவீதையும் சவுலையும் சொல்லி முடிக்கப் பார்த்தார். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைத் தாவீது கொல்ல மறுத்தான், சவுல் செய்ததை மறைக்க உதவவில்லை. அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடு ஏற்றுக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு வழிமுறையே எழுதிக் கொடுத்திருக்கிறது. நல்லவேளையாக நாகப்பட்டினம் ஐயா எழுந்து, குழந்தைகள் விஷயம் என்றால் சபை மூப்பர்களுக்கும் போலீசுக்கும் சொல்லியாகவேண்டும், பாஸ்டருடைய பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று மூடுவது அவருக்குச் செய்கிற உண்மை ஆகாது என்றார். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கவேண்டும். கருத்துத் தாளிலும் இதையே எழுதிக் கொடுத்தேன்.

மற்றபடி இடம் வசதியாக இருக்கிறது, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகிற தூரம்தான். கட்டணம் குறைவு, மதியச் சாப்பாடும் அதிலேயே. கையில் கொடுக்கிற பாடக்குறிப்பு தமிழில் தெளிவாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர் மட்டும் அமெரிக்கச் சபைகளின் பணியாளர் அமைப்பை வைத்துப் படம் போட்டு நடத்தினார், ஒரு பாஸ்டர், ஒரு உதவியாளர், ஒரு ஓட்டுக் கட்டடம் என்று இருக்கிற எங்களுக்கு அது ஒட்டவில்லை. மனைவிமாருக்கு ஒரு நாளும் அழைப்பு இல்லை என்பதையும் சொல்லவேண்டும், உதவிப் போதகர் வீட்டு அம்மா சுமக்கிற பாரம் தனி.

போகலாமா என்றால், போங்கள், தயங்காமல் போங்கள். புதிதாக ஊழியத்துக்கு வந்தவர்களுக்கு அப்சலோம் வகுப்பும் தரங்கம்பாடியும் போதும். ஏற்கனவே பாஸ்டரோடு கசப்பில் இருப்பவர் என்றால் முதலில் அந்த ஐயாவைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு வகுப்பில் சேருங்கள், அவர் நேரம் கொடுக்கிறார். அடுத்த குழு சம்பா அறுவடை முடிந்து தொடங்கும் என்றார்கள். தலைமைப் போதகரும் உதவியாளரும் சேர்ந்து உட்கார ஒரு நாள் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் சேரும்போது அதைக் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் வைப்பார்கள். எங்கள் பாஸ்டர் வருவதாக இப்போதே சொல்லிவிட்டார்.